கலியாணக் கோட்டு

நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் இப்போது கேட்டைத் திறப்பது ஒரு கேமரா. எதிரே போய் நின்றால் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, மேலே கோட்டு இருக்கிறதா, காலில் ஷூ இருக்கிறதா என்று பார்க்கும். மூன்றும் இருந்தால் தடுப்புக் கம்பி மேலே போகும். போன மாதம் அங்கே பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் இளங்கோவன் எனக்குப் போன் செய்தார். யாரோ ஒரு பெண் அதிகாரி ஆரஞ்சுப் புடவையில் வந்தாராம். கேமரா அதைக் கோட்டு என்று நம்பி கம்பியைத் தூக்கிவிட்டதாம். "உங்க காலத்துல இப்படியெல்லாம் குழப்பம் உண்டா சார்? பத்து வரி எழுதிக் குடுங்களேன், எங்க குரூப்புல போடறோம்" என்றார்.

குழப்பம் உண்டு. பத்து வரியில் அடங்காது.

என் பெயர் ஏழுமலை. வியாசர்பாடிக்காரன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், கிடைத்தது வாட்ச்மேன் வேலை. அப்புறம் கேட் கிளார்க், அதற்கப்புறம் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அந்தப் பதவிக்கு எனக்குக் கொடுத்த பயிற்சி மூன்று நாள். முதல் நாள் தீ அணைப்பது, இரண்டாம் நாள் முதலுதவி, மூன்றாம் நாள் பயிற்சி கொடுப்பவர் வரவில்லை. மிச்சத்தை எனக்கு இயேசுதான் சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அங்காளம்மனைக் கும்பிடுகிறவர்கள். நான் மாதா கோயிலுக்குள் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஆனால் எங்கள் யார்டு மேனேஜர் பெனடிக்ட் சார் ராயபுரத்துக்காரர், ஞாயிறு பூசை தவறாதவர். திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்து கால் மணி நேரம் பாதுகாப்புப் பேச்சு நடத்த வேண்டும் என்பது விதி. என்ன பேசுவது என்று தலைமை அலுவலகம் அச்சடித்த தாள் அனுப்பும். சார் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் கோயிலில் கேட்ட கதையைச் சொல்வார். கதை முடிந்ததும் அதை யார்டுக்குப் பொருத்துவார்.

பத்துப் பெண்கள் விளக்கோடு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார்கள், ஐந்து பேரிடம் எண்ணெய் இல்லை. ஆகவே எல்லோரும் டார்ச் லைட்டில் பேட்டரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒருவன் மணல்மேல் வீடு கட்டினான், வெள்ளம் வந்து அடித்துப்போயிற்று. ஆகவே கால்வாய்ப் பக்கம் மண் கொட்டின இடத்தில் மூன்று பெட்டிக்கு மேல் அடுக்காதீர்கள். இப்படிப் போகும். கதை கேட்ட மாதிரியும் இருக்கும், வேலை நடந்த மாதிரியும் இருக்கும். ஒரு தடவை காணாமல் போன ஆட்டைத் தேடிய மேய்ப்பன் கதையைச் சொன்னார். அன்றைக்குப் பார்த்து ஒரு ஹெல்மெட் குறைந்தது. மற்ற ஹெல்மெட்டையெல்லாம் கேட்டருகே குவித்து வைத்துவிட்டு, ஒன்றைத் தேடி முப்பது பேர் மதியம்வரை யார்டு முழுக்க அலைந்தோம். அது கேன்டீனில் கிடைத்தது. ஸ்டெல்லா அக்கா அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார். சந்தோஷமாகத் திரும்பி வந்து பார்த்தால், குவித்து வைத்ததில் நாலைக் காணோம். அதற்குச் சார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ஆள் ஒல்லி. முழுக்கை வெள்ளைச் சட்டை. அதன்மேல், மினுங்கும் பட்டை வைத்த ஆரஞ்சுக் கோட்டு. தாளில் அதை ஜாக்கெட் என்று போட்டிருப்பார்கள். ஆம்பிளைகள் யாரும் வாயால் அப்படிச் சொல்லத் தயாராக இல்லாததால் எங்களுக்கு அது கோட்டுதான். சித்திரை வெயிலிலும் சார் அதைக் கழுத்துவரை மூடியிருப்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "வா" என்பவர் "வாங்க" என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நம் கதை முடிந்தது.

கோட்டு இல்லாமல் ஒருவன் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நான்கு படி உண்டு. முதலில் அந்த இடத்தில் ஓடும் மிஷினை நிறுத்த வேண்டும். பிறகு அவனை நடைபாதை வழியாகவே கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். சிவப்பு ரிஜிஸ்டரில் பெயர், நேரம், காரணம் எழுத வேண்டும். கடைசியில் அவன் கையெழுத்து, ஒரு சாட்சியின் கையெழுத்து. ஆள் யாரென்று பார்க்கக் கூடாது. முதலாளியின் மைத்துனர் பெயர் அந்த ரிஜிஸ்டரில் உண்டு. புது மிஷினை மந்திரிக்க வந்த மாதா கோயில் சாமியாருக்கே அங்கியின்மேல் ஆரஞ்சுக் கோட்டு மாட்டி, தலையில் ஹெல்மெட் வைத்துத்தான் சார் உள்ளே விட்டார். தீர்த்தம் தெளித்தபோது ஹெல்மெட் கண்ணை மறைத்ததால் பாதி என்மேல் விழுந்தது.

இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவர் எதிரில் சிரிக்க மாட்டோம். நான் கேட் கிளார்க்காக இருந்தபோது, சார் அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். ஒரு நாள் சேகர் என்ற லோடுமேன், ஒரு கையெழுத்துக்காக உள்ளே போக வேண்டும் என்றான். கோட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டான். ரெண்டு நிமிஷம்தானே, போய்ட்டு வா என்று விட்டவர் பெனடிக்ட் சார். கன்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி வைக்கிற ரீச் ஸ்டாக்கர் மிஷின் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் சக்கரம் ஒரு ஆள் உயரம். ஓட்டுபவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார், மண் நிறச் சட்டை மண்ணோடு மண்ணாகத் தெரிந்திருக்கிறது. சேகருக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கப்புறம் சார் அந்த மாதிரி ஆனார். மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து காசிமேட்டில் சேகர் வீட்டுக்குப் போய்வருவார் என்பது எனக்குத் தெரியும். என்ன பேசிக்கொள்வார்கள் என்று தெரியாது.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன்.

யார்டு வாசலில் ஒரு போர்டு உண்டு. விபத்து இல்லாத நாட்கள் என்று எழுதி, பக்கத்தில் எண்ணை மாற்றி மாற்றி மாட்டுவோம். அது ஆயிரத்தைத் தொட்ட நாளில் விருந்து கொடுக்க வேண்டும் என்று சார் முடிவு செய்தார். நூற்றைம்பது பேருக்கு மட்டன் பிரியாணி. தலைமை அலுவலகம், கப்பல் ஏஜென்ட்டுகள், சுங்கத்துறை ஆட்கள், பக்கத்து யார்டு மேனேஜர்கள் என்று எல்லோருக்கும் அட்டை அடித்துக் கொடுத்தோம். ஸ்டெல்லா அக்கா விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டினார். ஷெட்டுக்குள் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்தோம்.

பதினொரு மணிக்கு முதல் போன் வந்தது. தலைமை அலுவலகத் துணைப் பொது மேலாளர். மீஞ்சூர் பக்கம் ஒரு மனை வாங்கியிருக்கிறாராம், இன்றைக்கு ரெஜிஸ்ட்ரேஷனாம், மன்னிக்க வேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து யார்டு மேனேஜர். புது டிரெய்லர் ஐந்து வந்து இறங்கியிருக்கிறது, ஓட்டிப் பார்க்க வேண்டும், வர முடியாது என்றார். மூன்றாவது ஏஜென்ட் ஆபீஸ் பையன், மேனேஜருக்குப் போன வாரம்தான் கல்யாணம் ஆனது என்றான். மற்றவர்கள் போன்கூட எடுக்கவில்லை.

இதைக் கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கும். சாருக்கு மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழுமலை, இது கதை. அப்படியே வருது."

எனக்கு அந்தக் கதை தெரியும். வருஷம் ஒரு திங்கட்கிழமை வந்துவிடும். ஒரு ராஜா கலியாண விருந்து வைத்தார். கூப்பிட்டவர்கள் வரவில்லை. ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறேன் என்றான், ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறேன் என்றான், ஒருவன் பெண்டாட்டி கட்டியிருக்கிறேன் என்றான். ராஜாவுக்குக் கோபம். தெருவுக்குப் போ, கண்ணில் படுகிறவனை எல்லாம் கட்டாயப்படுத்திக் கூட்டி வா, என் வீடு நிறைய வேண்டும் என்று வேலைக்காரனை அனுப்பினார். வீடு நிறைந்தது. ராஜா வந்து பார்த்தால் ஒருத்தன் மட்டும் கலியாண உடை போடாமல் உட்கார்ந்திருக்கிறான். நண்பரே, எப்படி உள்ளே வந்தீர் என்று கேட்டார். அவன் பேசவில்லை. அவனைத் தூக்கி வெளியே இருட்டில் போடச் சொன்னார். சார் இந்த இடத்தில் நிறுத்தி, "ஆகவே கோட்டு" என்பார். அத்தோடு வேலைக்குப் போவோம்.

"போ, ரோட்டுல இருக்கறவங்கள கூட்டிட்டு வா. வரமாட்டேன்னாலும் விடாத" என்றார் சார்.

ரோட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் அப்போதெல்லாம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்து, அடியிலேயே படுத்து, அதன் நிழலிலேயே சவரமும் செய்துகொள்வார்கள். நான் போய் மட்டன் பிரியாணி, வாங்க சாப்பிட என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. இன்னா விஷயம், எலெக்‌ஷனா என்று ஒருவர் கேட்டார். ஆயிரம் நாளாக யாருக்கும் அடிபடவில்லை, அதற்காக என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்ப இன்னிக்கு யாருக்கோ படப்போவுது என்றார்.

வண்டியை விட்டு வந்தால் வரிசை நகர்ந்துவிடும், பின்னால் இருப்பவன் முன்னே புகுந்துவிடுவான் என்பது அவர்கள் பயம். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். முதலில் ஒரு வண்டி விட்டு ஒரு வண்டி. சாப்பிடப் போகிறவர் வண்டியைப் பக்கத்து வண்டிக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மெல்ல வந்தார்கள்.

அடுத்த சிக்கல் கேட்டில். வெளியாட்களுக்கென்று எங்களிடம் இருந்த கோட்டு நாற்பது. கேட்டில் காவலுக்கு இருந்தவர் தனம். புருஷன் போனபிறகு வேலைக்குச் சேர்ந்தவர், விதி என்றால் விதிதான். நாற்பது பேரை எண்ணி, கோட்டு மாட்டி, ஹெல்மெட் வைத்து உள்ளே விட்டார். சாப்பிட்டு வருகிறவர் கழற்றிக் கொடுக்க, அடுத்தவர் அதை மாட்டிக்கொண்டு போனார். வெயிலில் கோட்டுகள் ஆளுக்கு ஆள் வேர்வையில் நனைந்து, கடைசியில் பிழிந்து கொடுக்க வேண்டியதாயிற்று. லுங்கிமேல் கோட்டு, வெறும் உடம்பில் கோட்டு, கழுத்தில் துண்டுக்கு மேல் கோட்டு என்று யார்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கலியாண ஊர்வலமே போய்க்கொண்டிருந்தது. ரீச் ஸ்டாக்கர் ஓட்டுபவர் மிஷினை நிறுத்திவிட்டு மேலே இருந்து வேடிக்கை பார்த்தார்.

இரண்டு மணி வாக்கில் கேட்டருகே ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்ணூர்க்காரர். கன்னியப்பன் என்று பெயர் சொன்னார். அறுபது வயது இருக்கும். அவருடையது கேட்டுக்கு நேர் எதிரே நின்ற நீல லாரி. நாற்பது கோட்டும் உள்ளே இருந்தன.

"நான் உள்ள வர்லபா. ஒரு பொட்லம் கட்டிக் குடு, போதும். சுகர் கீது, காலைலேந்து ஒண்ணும் துன்னல" என்றார்.

பொட்டலம் கட்டப் பொருள் எதுவும் இல்லை. எல்லாம் தட்டுதான். உள்ளே மிஷின் நிற்கிறது. ஷெட்டு நூறு அடி தூரம். கூட்டி வா, விடாதே என்பதுதான் எனக்குச் சொன்ன வார்த்தை. தனத்திடம், இவர் ஒருத்தர் மட்டும் என்றேன். தனம் என்னையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மட்டும் அவர் தலையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.

ஐந்து நிமிஷம் இருக்காது. சார் ஒவ்வொரு மேஜையாக, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று உபசரித்துக்கொண்டு வந்தவர், கன்னியப்பன் முன் நின்றுவிட்டார். நாற்பது ஆரஞ்சுக்கு நடுவில் ஒரு காக்கி. சாரின் முகத்தில் அப்போது வந்ததை எப்படிச் சொல்வது. கோபம் இல்லை. சாமி நேரில் வந்தால் ஒருவர் முகம் எப்படிப் போகுமோ அப்படி.

"நண்பரே, நீங்கள் எப்படி உள்ளே வந்தீர்கள்?" என்றார். சுத்தத் தமிழ்.

கன்னியப்பன் பேசவில்லை.

சார் என் பக்கம் திரும்பினார். "பேசல பாத்தியா, ஏழுமலை. கதையிலயும் பேசல."

"வாயில சோறு சார்" என்றேன்.

உண்மை அதுதான். ஒரு முழு உருண்டை. அவர் மெதுவாக மென்றார். ஷெட்டே அவர் விழுங்குவதற்காகக் காத்திருந்தது. விழுங்கினார். என்னைப் பார்த்தார். இவர்தான் விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பித்துக்கொள்ளலாம். என்னைப் பார்த்தபடியே இன்னொரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான்தான் சார் விட்டேன் என்று சொல்லி, என் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டேன். இப்போது அவருக்குக் கோட்டு உண்டு, விஷயம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

சார் என் மார்பைப் பார்த்தார். "இப்ப உங்ககிட்ட இல்லயே" என்றார். 'உங்ககிட்ட' என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. "வாருங்கள், ஏழுமலை."

நான்கு படியும் நடந்தது. நின்றிருந்த மிஷினை நிறுத்தச் சொன்னார். நடைபாதை வழியாக என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். சிவப்பு ரிஜிஸ்டரை வழக்கமாக எழுதுகிறவன் நான். எழுதுகிறவனும் குற்றவாளியும் ஒருவராக இருக்கக் கூடாது என்று சாரே எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு 'கோட்டு இல்லை' என்று மட்டும் எழுதினார். சாட்சியாகத் தனம் கையெழுத்துப் போட்டார். கேட் எனக்குப் பின்னால் மூடியது.

எனக்கு அவமானம். அறுபது எழுபது டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிப் பேர் என்னால் வந்தவர்கள். சேகரின் கால் ஞாபகம் வந்ததால் சாரைத் திட்டவும் முடியவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அப்போது வெள்ளைக் கார் ஒன்று வந்தது. மனை வாங்கிய துணைப் பொது மேலாளர். ரெஜிஸ்ட்ரேஷன் சீக்கிரம் முடிந்துவிட்டதாம். கூட ஒரு போட்டோகிராபர், கையில் ஒரு கேடயம். அதில் என் பெயர் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. ஆயிரம் நாளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளருக்குத் தலைமை அலுவலகத்தின் பரிசு. அவருக்கு என் முகம் தெரியாது. தனம் மாட்டிவிட்ட கோட்டோடு இருவரும் உள்ளே போனார்கள். சார் வந்து வரவேற்பதற்குள், பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று முதுகில் பெரிதாக எழுதிய என் கோட்டை மேலாளர் பார்த்துவிட்டார். நேரே போய்க் கன்னியப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கன்னியப்பன் எச்சில் கையை மடக்கிக்கொண்டு இடது கையை நீட்டினார். பேச முடியவில்லை, வாயில் சோறு. அடக்கமான மனிதர் என்று மேலாளர் நினைத்திருக்க வேண்டும். கேடயத்தைக் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். டிரைவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கம்பிக்கு வெளியே இருந்து, "அது நான் சார்" என்றேன். தனம், "கத்தாதண்ணே, உள்ள பங்ஷன் நடக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது.

துறைமுகப் பக்கத்திலிருந்து இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வரும் சத்தம் கேட்டது. முன்னால் இருந்த லாரி போய்விட்டது. கன்னியப்பனின் நீல லாரி முன்னே பெரிய இடைவெளி. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார், பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே எடுத்தார். இரண்டு நாள் காத்திருந்த இடம் போகப்போகிறது. அந்த வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தேன். ஓடிப்போய், முந்த வந்த லாரி முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

யார்டுக்குள் நான் அப்படிக் கையை விரித்தால் எழுபது டன் மிஷின் நிற்கும். இருபது வருஷமாக நின்றிருக்கிறது. கையைப் பார்த்து நிற்கவில்லை, கோட்டைப் பார்த்துத்தான் நின்றது என்று அந்த வினாடியில்தான் தெரிந்தது. நான் போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை. ரோடும் அதே நிறம். டிரைவர் மேலே கேபினில் உட்கார்ந்து வலது பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பம்பர் என் மார்பு உயரத்தில் வந்தது. கத்தினேன், ஹாரன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் பம்பரைத் தள்ளினேன். மலையைத் தள்ளுகிற மாதிரி. கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்து, நீல லாரியின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அந்த லாரி ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. யாரோ பானெட்டைத் தட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

தட்டியவர் பெனடிக்ட் சார். கேட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார். யார்டில் ஓடக் கூடாது என்று விதி எழுதியவர். அவர் உடம்பிலும் கோட்டு இல்லை, அதைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். என்னைப் பிடித்துத் தூக்கி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல என் கைகளை ஒவ்வொன்றாக அதில் நுழைத்து மாட்டிவிட்டார். கழுத்துவரை மூடினார். முழங்கை ரத்தம் அவர் வெள்ளைச் சட்டையில் பட்டது.

கன்னியப்பன் கேட்டைத் தாண்டி வந்தார். என் கோட்டு, தலையில் எங்கள் ஹெல்மெட், கக்கத்தில் கேடயம். "அடி பட்டுச்சாபா?" என்றார். இல்லை, வண்டியை எடுங்க என்றேன். ஏறினார். நீல லாரி இடைவெளியைப் போய் மூடிக்கொண்டது. கேடயமும் கோட்டும் அத்தோடு போயின.

சாரும் நானும் உள்ளே போகத் திரும்பினோம். தனம் கையை நீட்டித் தடுத்தார். "அண்ணன் வர்லாம். சார், உங்க மேல கோட்டு இல்ல" என்றார். ஹெல்மெட்டாவது இருக்கிறதே என்று நான் ஏதோ சொல்லப் போனேன். சார் வேண்டாம் என்று தலையாட்டினார். கேட் ஓரம் இருந்த சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே துணைப் பொது மேலாளர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைத் தேடியதாகத் தெரியவில்லை.

பிறகு சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எத்தன வருஷமா அந்தக் கதைய சொல்லிட்டு வரேன். வெளிய தள்ளுனாங்கன்னு சொல்லி நிறுத்திடுவேன். வெளிய போனவனுக்கு அப்புறம் இன்னா ஆச்சுன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல, ஏழுமலை."

ரத்தம் நின்னுடுச்சு சார் என்றேன்.

ஸ்டெல்லா அக்கா கேட்டுக்கு அடியில் இரண்டு தட்டைத் தள்ளினார். அடிப்பிரியாணி, நன்றாக இருந்தது.

மறுநாள் காலை நான் வரும்போது, சார் ஏணியில் ஏறிப் போர்டில் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தார். ஆயிரத்தொன்று போட வேண்டிய இடத்தில் ஒற்றைப் பூஜ்யம். நடந்தது ரோட்டில், கேட்டுக்கு வெளியே, கணக்கில் வராது என்று தலைமை அலுவலகத்திலிருந்து எவ்வளவோ சொன்னார்கள். அந்த வருஷம் எங்கள் யார்டுக்கு வரவேண்டிய விருதும் போயிற்று. "வெளிய அனுப்புனது நான். அப்ப அது உள்ளதான்" என்றார். அடுத்த வாரம் இருநூறு கோட்டு வாங்கி, கேட்டுக்கு வெளியே இரும்புக் கம்பி கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். யாரும் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். திருடு போகும் என்றேன். போகட்டும் என்றார். போயிற்று. காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவர்கள் சிலபேர் எங்கள் கோட்டில் நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிப் பத்திரிகையில் போட்டோ வந்தது. கன்னியப்பன் முகம், கீழே என் பெயர். என் மனைவி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் யார், நல்லா இருக்காரே என்றாள். திருத்தம் போடச் சொல்லி எழுதினேன். அடுத்த இதழில் திருத்தம் வந்தது. என் பெயரை எடுத்துவிட்டுப் பெனடிக்ட் என்று போட்டிருந்தார்கள். அதற்குமேல் நான் முயற்சி செய்யவில்லை.

மறுவருஷம் அந்தக் கதை கோயிலில் திரும்பவும் வந்தது. திங்கட்கிழமை எல்லோரும் வரிசையாக நின்றோம். முழங்கைத் தழும்பு வெயிலில் அரித்தது. சார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். ராஜா விருந்து வைத்தார், கூப்பிட்டவர்கள் வரவில்லை, நிலம், மாடு, கல்யாணம், தெருவில் இருந்தவர்களை எல்லாம் கூட்டி வந்தார்கள், வீடு நிறைந்தது. அங்கே நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம். ரீச் ஸ்டாக்கர் ஓட்டுபவர்தான் பொறுக்காமல், அப்புறம் என்ன சார் ஆச்சு என்று கேட்டார்.

"அப்புறம் இன்னா. எல்லாரும் சாப்ட்டாங்க. போய் வேலையப் பாருங்க" என்றார் சார்.